சம்பந்தியின் ரீலுக்குப் போட்ட கிரீஸ்

தூர்ஹாம்ன்,
ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்

வடக்கே ஊமியோவில் சுகமாக இருப்பவரும், சுகமில்லாவிட்டாலும் சுகம் என்றே சொல்பவரும், என் மகள் தோராவின் மாமனாருமான மதிப்பிற்குரிய சம்பந்தி சிக்ஸ்டன் அவர்களுக்கு, தெற்குக் கடற்கரையிலிருந்து எவர்ட் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கெர்டாவும் நலம். கெர்டாவின் முழங்கால் மட்டும் சுமார். பூனை நலம். படகு தார்பாய்க்கு அடியில் நலமாகப் படுத்திருக்கிறது. அங்கே உங்களுக்கும் உல்லா அம்மையாருக்கும் உடம்பு எப்படி என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் "பரவாயில்லை" என்று ஒற்றை வார்த்தை எழுதி அனுப்புவீர்கள், அதற்கு ஒரு தபால்தலை வீண்.

விஷயத்துக்கு வருகிறேன். போன அக்டோபரில் நாணல் விரிகுடாவில், நம் படகில், நீங்கள் தூண்டிலை வீசிய ஒவ்வொரு தடவையும் ரீலில் நரம்பு குருவிக்கூடு கட்டியதும், யெத்தா மீன்கள் நீண்ட மூக்கை நீட்டிக்கொண்டு சுற்றிலும் துள்ள, நாம் இருவரும் அவற்றைக் கவனிக்காமல் குளிரில் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கரைக்கு வந்ததும் அந்தச் சிவப்பு ரீலை என் சமையலறை மேசைமேல் வைத்து, "பேரிங் போயிடுச்சு சம்பந்தி. இதைப் பழைய சாமான் சந்தையில குடுத்துடுங்க. எனக்கும் மீன் பிடிச்சது போதும். இனிமே தோட்டத்துல உருளைக்கிழங்கு போட்டுக்கிட்டு இருந்துடறேன்" என்று சொன்னீர்கள். காபியைப் பாதிக் கோப்பையோடு வைத்துவிட்டு ரயிலேறினீர்கள். நீங்கள் காபியை மிச்சம் வைத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ரீலை நான் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து அந்தப் படகில் நீங்கள் முன்னால், நான் பின்னால் என்று உட்கார்ந்து வருகிறோம். உங்கள் உடம்புக்குத் தக்கபடிதான் எஞ்சினையே மாட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் படகின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு போகும், ஊர் சிரிக்கும். உங்களுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு ஹால்வாரை ஏற்றிக்கொள் என்கிறார்கள். ஹால்வார் நல்ல மனிதர்தான், ஆனால் வாயை மூடமாட்டார். நீங்களும் நானும் மதியம்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, பிறகு "ம்" என்று சொல்லிக்கொள்வோமே, அதை நான் யாரோடு சொல்வது? ஆகவே உங்கள் பேரிங்கை ஒழுங்குபண்ணி, மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் உங்களை மறுபடி இந்தப் படகில் உட்காரவைக்க வேண்டும் என்று குளிர்காலம் முழுவதும் அதே வேலையாக இருந்தேன். அதன் விவரத்தை எழுதுகிறேன். குற்றம் முழுக்கப் பேரிங்கினுடையதுதான் என்பது படித்து முடித்ததும் உங்களுக்கே விளங்கும்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். வீசும்போது நரம்பு சுற்றிய உருளை இரண்டு பக்கமும் பட்டாணி அளவுப் பேரிங்குகளின்மேல் சுழல்கிறது. வெளியே போகிற நரம்பைவிட உருளை வேகமாக ஓடிவிட்டால் குருவிக்கூடு. ஓடாமல் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு அடக்க வேண்டும். பேரிங்கில் தண்ணீர் போன்ற எண்ணெய் விட்டால் உருளை பறக்கும், கெட்டியாக எதையாவது விட்டால் அடங்கி நடக்கும். பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கிறது, அதை முறுக்கினாலும் வேகம் குறையும். ஆனால் அந்தக் குமிழை முறுக்குகிறவர்களைப் பார்த்து, "சைக்கிள்ல ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வச்சு ஓட்டுவாங்களே, அந்த ஜாதி" என்று சொன்னவர் நீங்கள். அதனால் குமிழை நான் தொடவே இல்லை. நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் செய்தது எல்லாம் உள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில்தான்.

முதல் வேலையாகப் பேரிங்கைக் கழற்றிப் பெட்ரோலில் அலச வேண்டுமே. அதைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தை ஊசியால் நெம்பினேன். அன்று பார்த்து லூசியா பண்டிகைக்காக கெர்டா அதே மேசையின் மறுகோடியில் குங்குமப்பூ ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வளையம் பறந்தது.

"என்னங்க அது, டிங்குனு பறந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மேசைக்கடியில தவழறீங்க?"

தரையில் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இல்லை. பூனையையும் தூக்கி உதறிப் பார்த்தாயிற்று. மாவில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியபோது மாவு ரொட்டியாகி அடுப்புக்குள் போய்விட்டது. அந்த வளையம் இல்லாமல் உங்கள் ரீல் இல்லை, ஆகவே வீட்டுக்கு வந்த எல்லோரிடமும், "மெதுவா மென்னு சாப்பிடுங்க, குங்குமப்பூ அப்பத்தான் இறங்கும்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். நான் இத்தனை உபசாரமாக எதையும் கொடுத்துப் பழக்கமில்லாததால் எல்லோரும் சந்தேகமாகவே மென்றார்கள். கடைசியில் அது ஹால்வாரின் கடைவாயில் அகப்பட்டது. அவர் அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எவர்ட்டு, உன் பொண்டாட்டி சுட்ட ரொட்டியில முள்ளு இருக்குய்யா."

அவர் கையிலிருந்து நான் அதைப் பிடுங்கிய வேகத்தைப் பார்த்து அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. விவரத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஹால்வார் இந்த விவகாரத்தில் பங்காளி. நான் கேட்கவில்லை, அவராகச் சேர்ந்துகொண்டார்.

அலசிக் காயவைத்த பேரிங்கில் முதலில் கெர்டாவின் தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டேன். தோட்டத்துப் பனியில் நின்று, கொக்கியுள்ள கரண்டித் தூண்டிலுக்குப் பதிலாக ஒரு ரப்பர்க் குண்டைக் கட்டி வீசினேன். சம்பந்தி, அது வேலியைத் தாண்டி, ஹால்வார் குருவிகளுக்குத் தொங்கவிட்டிருக்கும் கொழுப்பு உருண்டையைத் தட்டிவிட்டு, அவர் ஜன்னலில் போய் மோதியது. அவர் ஜன்னலைத் திறந்து, "தபால் பெட்டி அந்தப் பக்கம்யா!" என்றார். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது என்னவென்றால், அந்த வீச்சிலும் என் ரீலில், அதாவது உங்கள் ரீலில், பெரிய குருவிக்கூடு கட்டிவிட்டது. வீசியது என் கை. அப்படியானால் குறை கையில் இல்லை என்றுதானே அர்த்தம்? தையல் மெஷின் எண்ணெய் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஹால்வார் ஒரு காலத்தில் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டிகளில் ஓடியவர். உலகத்தில் வழுக்குகிற பொருள் எதுவானாலும் அது மெழுகு சம்பந்தப்பட்டது என்பது அவர் கொள்கை. கடுங்குளிருக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு நீலம், ஈரப் பனிக்குச் சிவப்பு என்று ஒரு பெட்டி நிறைய மெழுகுக் கட்டிகளோடு வந்தார். "முதல்ல பேரிங்குக்குள்ள எவ்வளவு குளிருன்னு பார்க்கணும்" என்று காய்ச்சல் பார்க்கும் கருவியை ரீலோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்தார். சிவப்பு மெழுகு என்று தீர்ப்பாயிற்று. சமையலறையில் உருக்கி விட்டபோது உருளை என்ன நிதானமாக, என்ன மரியாதையாகச் சுழன்றது தெரியுமா? நான் அப்போதே உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆனால் தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் கல்லாகிவிட்டது. இழுத்தாலும் அசையவில்லை.

"நீலம் போட்டிருக்கணும்" என்றார் ஹால்வார்.

"நீங்கதானய்யா சிவப்புன்னீங்க?"

"காலையில சிவப்புதான். இப்ப காத்து திரும்பிடுச்சில்ல?"

மெழுகு இளகட்டும் என்று ரீலைக் கணப்படுப்பின் மேல்தட்டில் வைத்துவிட்டு நாங்கள் நீலமா பச்சையா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். அதற்குள் அது இளகி, ஒழுகி, கீழே மடித்து வைத்திருந்த கெர்டாவின் கிறிஸ்துமஸ் மேசைவிரிப்பில் சொட்டுச் சொட்டாக இறங்கிவிட்டது. அவள் அம்மா கையால் பூவேலை செய்தது. ஹால்வாருக்கு உடனே தன் வீட்டில் ஏதோ வேலை இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது.

"தையல் மெஷின் எண்ணெயைத் திருடினீங்க, சும்மா இருந்தேன். முட்டை வைக்கிற கிண்ணத்துல பெட்ரோல் ஊத்துனீங்க, அதுக்கும் சும்மா இருந்தேன். இதுவும் அந்த ரீலுக்காகத்தானா?"

"சம்பந்திக்காக" என்றேன்.

அவள் விரிப்பைக் கறை உள்ளே போகும்படி மடித்தாள். பிறகு, "சரி, காபி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கெர்டா அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் அன்று காபி சரியாக இறங்கவில்லை.

பனி விலகத் தொடங்கியபோது, எஞ்சின் பட்டறை வைத்திருக்கும் இங்கெலாவிடம் பேரிங்கை எடுத்துப்போனேன். அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது சுத்தமாகத் தேய்ந்துபோய்விட்டது, இதை வைத்துக்கொண்டு யார் வீசினாலும் சிக்கத்தான் செய்யும் என்று சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புதுப் பேரிங் வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அந்த அளவு இப்போது எங்குமே செய்வதில்லையாம். ஆகவே இருப்பதைக் கெட்டியாக எதையாவது போட்டு அடக்குவதைத் தவிர வழியில்லை. அவள் புரொப்பெல்லர் தண்டுக்குப் போடும் பச்சைக் கிரீஸ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எவ்ளோ மெதுவா ஓடணும்ணே?"

"வீசிட்டு, குனிஞ்சு பிளாஸ்க்கை எடுத்துக் காபி ஊத்திக்கிட்டாலும் சிக்கக் கூடாது. அவ்ளோ மெதுவா."

"யாருக்கு?"

"பேரிங்குக்கு" என்றேன். அவள் டப்பாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

அந்தக் கிரீஸை வெறுமனே அப்பி வீசியதில் ரப்பர்க் குண்டு என் பூட்ஸின் மேலேயே விழுந்தது. பிறகு அதில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுத் தீக்குச்சியால் குழைத்தேன். நீர்த்துப்போயிற்று. மறுபடி கிரீஸ் சேர்த்தேன். கெட்டியாயிற்று. தோரா குழந்தையாக இருந்தபோது அவளுக்கு முதல் கஞ்சி காய்ச்சினேன், அன்றைக்குப் பிறகு இவ்வளவு கவனமாக நான் எதையும் கிளறியதில்லை. இதற்கு நடுவில் துறைமுகக் காபி அறையில் வருஷாவருஷம் நடக்கிற கூத்தும் வந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, குளிர்காலம் முழுக்கத் தூண்டிலைத் தண்ணீரில் போடாதவர்கள் எல்லாம் ரீலோடு வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு தட்டுத் தட்டி, யாருடைய உருளை கடைசிவரை நிற்காமல் சுற்றுகிறது என்று பந்தயம் வைப்பார்கள். ஒருவர் கடிகாரக்காரர் எண்ணெய், ஒருவர் ஏதோ வெளிநாட்டு எண்ணெய். நானும் உங்கள் ரீலைக் கொண்டுபோய் மேசையில் வைத்துத் தட்டினேன். அது ஒரு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டதுபோல் நின்றது.

"எவர்ட்டு, இது ரீலா, மாவாட்டுற கல்லா?"

"ஊரே வேகமா ஓடணும்னு எண்ணெய் தேடுது, இவரு நிக்கிறதுக்குத் தேடுறாரு!" என்று ஹால்வாரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் சீக்கிரம் நின்னா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு ரீலைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். மேசைமேல் யெத்தா மீன் கிடைக்காது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை கலவை அமைந்துவிட்டது. படகுத்துறைக் கோடியில் நின்று உண்மையான கரண்டித் தூண்டிலை, தடைக்காலமாதலால் கொக்கியை மட்டும் கழற்றிவிட்டு, கட்டி வீசினேன். குளிராக இருந்ததால் கம்பளிக் கையுறையைக் கழற்றவில்லை. ஹால்வார் பின்னால் நின்று, "கையுறையோட வீசுனா கட்டைவிரலுக்கு உருளை எங்க இருக்குன்னே தெரியாதேய்யா, கழட்டுய்யா" என்று கத்தினார். நான் கழற்றவில்லை. தூண்டில் அதிக தூரம் போகவில்லை, முதல் மிதவைக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்தது. ஆனால் ஒரு சிக்கு இல்லை, சம்பந்தி. மறுபடி வீசினேன், மறுபடியும் இல்லை. இருட்டும்வரை வீசிக்கொண்டே இருந்தேன். நரம்பு ஒழுங்காகப் போய், ஒழுங்காக வந்தது. எனக்குத் தனியாக நின்று சிரிப்பு வந்துவிட்டது. கெர்டா ஹெர்ரிங் மீனும் முட்டையும் எடுத்து வைத்துவிட்டு ஆளனுப்பிய பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

ஆகவே, சம்பந்தி, விஷயம் தீர்ந்தது. பேரிங்தான் கெட்டிருந்தது, அதற்கு ஏற்ற மருந்து கிடைத்துவிட்டது, இனி உங்களுக்கு ஒரு சாக்கும் இல்லை. ரீலைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பமாட்டேன், வந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தடைக்காலம் முடிந்த மறுநாள் ரயிலில் வாருங்கள், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். உருளைக்கிழங்கை உல்லா அம்மையார் பார்த்துக்கொள்வார்கள், அது மண்ணுக்குள் தானாக வளர்கிற பொருள்தானே.

உல்லா அம்மையாருக்கு எங்கள் இருவரின் மரியாதை. மாப்பிள்ளை மல்தே போன வாரம் போனில் பேசினார், தோராவும் அவரும் சௌக்கியம். உங்கள் வீட்டுக் கூரையில் பனி சீக்கிரம் வழிந்து, கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறி, நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

உங்கள் அன்புள்ள சம்பந்தி,
எவர்ட்

பின்குறிப்பு: கடிதத்தைக் கெர்டாவிடம் படிக்கக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டேன். "இத்தனை பொய்யையும் ஒரே தபால்தலையிலயா அனுப்பப் போறீங்க? அவரு என்ன, பச்சக் குழந்தையா?" என்று கேட்கிறாள். அதனால் மேலே எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. உங்கள் பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. இங்கெலா பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கேண்ணே, இதை எதுக்குக் கெடுக்கறீங்க?" என்றுதான் கேட்டாள். அந்த அளவுப் பேரிங் அவள் கடையிலேயே கண்ணாடிக் குப்பி நிறைய இருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் போட்டபோது என் கையில் சிக்கவே இல்லை, சிக்காததால்தான் ஹால்வார் ஜன்னல்வரை போயிற்று. கையுறை போட்டு வீசியதும் குளிருக்காக இல்லை. நவம்பரில் உல்லா அம்மையார் கெர்டாவோடு போனில் பேசியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வலது கட்டைவிரல் மரத்துப்போனது பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை, என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். அம்மையாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மறைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் பேரிங்கைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று என் ரீலையும் பிரித்து அதே கிரீஸைப் போட்டுவிட்டேன். இனி நாம் இருவர் வீசுவதும் ஒரே தூரத்தில்தான் விழும். அங்கே மீன் இல்லையென்றால் படகை நகர்த்திக்கொள்வோம்.